ஒன்பதாம் பக்கத்து வீடு

கோத்தகிரியில் யார் வீட்டுக்காவது போக வேண்டும் என்றால் கால்கள் தயாராக இருக்க வேண்டும். அங்கே வீடுகள் எல்லாம் சரிவில்தான். எல்சாவின் தோழி சுவாதி வீட்டுக்கு அறுபத்து நான்கு படி இறங்க வேண்டும். மாதா கோவிலுக்கு நாற்பத்தொரு படி ஏற வேண்டும். ரேஷன் கடைக்குப் பதினெட்டுப் படிதான். ஆனால் அரிசிப் பையோடு திரும்பி வரும்போது அது முப்பத்தாறு ஆகிவிடும்.

எல்சாவின் வீட்டுக்கு மட்டும் ஒரு படிகூடக் கிடையாது.

இதில் எல்சாவுக்குக் கொஞ்சம் வெட்கம். வகுப்பில் எல்லோரும் "எங்க ஊட்டுக்கு அம்பது படி", "எங்க ஊட்டுக்கு எம்பது படி" என்று பீற்றிக்கொள்ளும்போது அவள் பென்சில் சீவப் போய்விடுவாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறவளுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா?

படி இல்லாததற்குக் காரணம் உண்டு. அது முதலில் வீடே இல்லை. தேயிலை எஸ்டேட்டின் இலை ஷெட். பறித்த இலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, எடை போட்டு, லாரியில் ஏற்றும் இடம். மூட்டை வண்டி தட்டாமல் முட்டாமல் உள்ளே போய் வர வேண்டும் அல்லவா? அதனால் சாலை மட்டத்திலேயே தரை போட்டு, அகலமான கதவுகள் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

எஸ்டேட்காரர்கள் அதை விற்றபோது எல்சாவின் அப்பா ரொனால்ட் வாங்கினார். உள்ளே சுவர் எழுப்பி, குளியலறை கட்டி, ஒரு பாதியில் குடும்பத்தோடு குடியேறினார். மறுபாதியில், சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக இரண்டு அறைகள் செய்தார்.

அறைகள் பளிச்சென்று இருக்கும். அம்மா ஜெசிந்தாவின் சமையல் தெருமுனை வரை மணக்கும். குறை ஒன்றே ஒன்றுதான். வியூ இல்லை.

மலைக்கு வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்ததும் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசைப்படுவார்கள். எல்சா வீட்டு ஜன்னலைத் திறந்தால் சாலை தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம், மண் சரியாமல் தாங்கி நிற்கும் ஒரு பெரிய கருங்கல் சுவர் தெரியும். சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. அவ்வளவுதான்.

எல்சாவுக்கும் அப்பாவுக்கும் அந்தச் சுவர் பிடிக்கும். தினமும் காலையில் இருவரும் ஆளுக்கொரு தம்ளர் டீயோடு ஜன்னலருகே உட்கார்ந்து பாசியில் உருவம் தேடுவார்கள். மழைக்குப் பிறகு புதுசு புதுசாக முளைக்கும். "அதோ பாரு, நம்ம ஃபாதர் மூக்குக்கண்ணாடி" என்பார் அப்பா. எல்சா டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்பாள். ஆனால் சுவரைப் பார்ப்பதற்கு யாராவது காசு கொடுத்து வருவார்களா?

அம்மாவின் தம்பி லெஸ்லி, "அதெல்லாம் கவலைப்படாதீங்க மச்சான்" என்றார். கோயம்புத்தூரில் செல்போன் கடை வைத்திருந்த அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நினைத்தார். "நான் ஒரு வெப்சைட் போட்டுத் தர்றேன். போன் அடிச்சு அடிச்சே உங்க காது தேஞ்சிரும்."

லெஸ்லி மாமா போட்டும் கொடுத்தார். வீட்டுக்கு 'மிஸ்டி வேலி வியூ' என்று பெயர் வைத்தார். அரைக் கிலோமீட்டர் நடந்து போய், மாதா கோவில் மேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுத்து முகப்பில் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, கீழே இப்படி எழுதினார்:

'ஊட்டியில் தங்க ஊட்டியின் சிறந்த ஊட்டி வியூ. ஊட்டி என்றால் எங்கள் ஊட்டி வீடுதான்!'

எல்சா எண்ணிப் பார்த்தாள். பக்கம் முழுவதும் சேர்த்து நாற்பத்தேழு ஊட்டி.

"மாமா, நாம கோத்தகிரியில இல்ல இருக்கோம்?"

"கோத்தகிரின்னு யாரு கண்ணு தேடப் போறாங்க? உலகத்துக்கே தெரிஞ்சது ஊட்டிதான். எத்தன தடவ எழுதறமோ, அத்தன மேல போய் நிக்கும் பாரு."

செல்போனில் 'ஊட்டி வியூ ரூம்' என்று தேடினார்கள். முதல் பக்கத்தில் பெரிய பெரிய ஓட்டல்கள். இரண்டாம் பக்கத்தில் அவற்றின் தம்பிகள். மூன்று, நான்கு, ஐந்து என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், பாவம், மிஸ்டி வேலி வியூ உட்கார்ந்திருந்தது.

"ஒம்பதாம் பக்கம் வரைக்கும் யாரு வந்து பார்ப்பாங்க?" என்றார் அப்பா.

"நாமதான்" என்றார் அம்மா.

அம்மா சொன்னது பலித்தது. போன் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. தப்பித் தவறி வந்த இரண்டொரு குடும்பமும் ஜன்னலைத் திறந்ததும் முகம் சுளித்தது. "வியூ எங்கீங்க?" என்று கேட்டவர்களை அப்பா மாதா கோவில் மேடு வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். நாற்பத்தொரு படி ஏறி மூச்சு வாங்கியவர் ஒருவர் ஊருக்குப் போனதும் எழுதினார்: 'வியூ என்று போட்டிருந்தார்கள். சுவர்தான் இருந்தது. ஒரு நட்சத்திரம்.'

அதைப் படித்ததிலிருந்து அப்பாவுக்குப் பொய் சொன்னது மனசைக் குத்தியது.

புத்தாண்டு முடிந்த ஒரு சாயங்காலம், அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள ஆளுங்க வரலீன்னா ரூமைப் பூட்டிட்டு நான் திருப்பூருக்குப் போயிடறேன். என் கூட்டாளி அம்புரோஸ் வேலை செய்யற பனியன் கம்பெனியில சூப்பர்வைசர் எடம் இருக்குதாம்."

எல்சா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். "தினமும் வந்துருவீங்களாப்பா?"

"அத்தன தூரம் எப்படிக் கண்ணு? மாசத்துக்கு ஒருக்கா வருவேன்."

மாதத்துக்கு ஒரு முறை! அப்படியானால் காலையில் டீ யாரோடு குடிப்பது? பாசியில் புதிதாக ஏதாவது முளைத்தால் யாரிடம் காட்டுவது? எல்சா அழுகை வந்துவிடும் என்று பயந்து, தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட லெஸ்லி மாமா பதறிப்போனார். நாற்பத்தேழு ஊட்டியை நூற்றுப்பத்து ஊட்டி ஆக்கினார். "தெரிஞ்சவங்க எல்லாரும் நம்ம பக்கத்தைத் திறந்து திறந்து பாருங்க, மேல வந்துரும்" என்றும் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் பாட்டுக்குழு முழுவதும் செல்போனும் கையுமாக நின்று தட்டியது. ஃபாதர்கூட இரண்டு தட்டுத் தட்டினார்.

அடுத்த வாரம் தேடியபோது மிஸ்டி வேலி வியூ பதினோராம் பக்கத்துக்குப் போயிருந்தது.

ஜனவரிக் கடைசியில், குடியரசு தின விடுமுறையன்று, எல்சா கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போனாள். வழியில், சாலையோரத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அந்த இடத்திலிருந்து கீழே இறங்கினால் ஒரு லாட்ஜ். அதன் மேனேஜர் தனசிங் மேலே வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மொத்தம் எத்தன படி இருக்கும்?" என்று காரில் வந்தவர் கேட்டார்.

"எழுபத்திரண்டுங்க. எறங்கிட்டீங்கன்னா அப்புறம் ஒரே வியூதானுங்க."

காரின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். எல்சா வயதுதான் இருக்கும். தலையில் சிவப்புத் தொப்பி. கீழே போகும் படிகளை எட்டிப் பார்த்துவிட்டு அவன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"தம்பியை நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டுப் போயிடலாமுங்க" என்றார் தனசிங். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேண்டாம்" என்றான் பையன். "நான் என்ன அரிசி மூட்டையா? இப்ப தூக்கிட்டுப் போவீங்க. சாயங்காலம் நான் வெளிய வரணும்னா? மறுபடியும் நாலு பேரா?"

"முபீன், இது நாலாவது எடம்டா" என்றார் அவனுடைய அம்மா. அவர் கண்கள் சிவந்திருந்தன. "எல்லாப் பக்கமும் படிதான் இருக்குது. பேசாம ஈரோட்டுக்கே திரும்பிடலாமா?"

முபீன் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டான். மலையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தானோ! தொப்பிக்குள் என்ன நடக்கிறது என்பது எல்சாவுக்கு நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் குடித்து அழுகையை விழுங்கியவள் அல்லவா அவள்?

"எங்க ஊட்டுல படி இல்லீங்க" என்றாள் எல்சா.

வெளியாரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு படி இருந்தாலும் கஷ்டம்தாம்மா" என்றார் முபீனின் அப்பா ரஹீம்.

"ஒண்ணுகூட இல்லீங்க. ரூம் வாடகைக்கு விடறோம். ஆனா…" எல்சா தயங்கினாள். ஏற்கெனவே வாங்கிய ஒரு நட்சத்திரம் ஞாபகம் வந்தது. "வியூவும் இல்லீங்க."

தொப்பி மெதுவாக மேலே ஏறியது.

"வியூ கெடக்குது விடு" என்றான் முபீன். "கதவு எவ்வளவு அகலம்?"

"தேயிலை மூட்டை வண்டி போற அகலம்."

முபீன் தன் நாற்காலியின் இரண்டு பக்கமும் பார்த்தான். "அத்தா, போலாம்!"

எல்சா வீட்டு வாசலில் ரஹீம் நாற்காலியைத் தள்ளப் போனார். முபீன் கையால் தடுத்தான். தானே சக்கரத்தைச் சுற்றினான். சாலையிலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து அறை. அறையைச் சுற்றிவிட்டு, நேராகச் சமையலறைக்குள் போய் நின்றான். கரண்டியும் கையுமாக நின்ற ஜெசிந்தா, "வாப்பா, யாரு நீ?" என்றார்.

"முபீனுங்க. அம்மா, இங்க பாருங்க! நானே வந்துட்டேன்!"

அவனுடைய அம்மா ராபியா வாசலிலேயே நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. அறையிலிருந்து வெளியே வந்த ரொனால்ட் அதைப் பார்த்து மிரண்டுபோனார்.

"ஏனுங்க, ரூம் புடிக்கலீங்களா? மன்னிச்சுக்குங்க, வியூ வந்து…"

ராபியா அழுகையோடு சிரித்தார். "புடிச்சிருக்குங்கண்ணா. ரொம்பப் புடிச்சிருக்குது."

ஒரே ஒரு இடத்தில் மட்டும் முபீன் நிற்க வேண்டியிருந்தது. குளியலறை வாசலில், தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டு அங்குல உயரத்தில் சிமெண்டுத் தடுப்பு கட்டியிருந்தது. ரொனால்ட் ஓடிப்போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து சரிவாக வைத்தார். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை சக்கரம் ஏறியது.

சாயங்காலம் எல்லோரும் டீ குடித்தார்கள். ராபியா தன் செல்போனை எடுத்துக் காட்டினார்.

"மூணு நாளாத் தேடினேனுங்க. 'கோத்தகிரியில் படி இல்லாத ரூம்'னு போட்டேன். 'சக்கர நாற்காலி போகும் அறை'ன்னு போட்டேன். எல்லாரும் வியூ, பால்கனின்னுதான் சொல்றாங்களே தவிர, படியைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலீங்க. உங்க ஊடு மட்டும் ஏன் வரவே இல்ல? வெப்சைட் இல்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றார் ரொனால்ட் மெல்ல. "ஒம்பதாம் பக்கத்துல இருந்துச்சு. இப்ப பதினொண்ணு."

முபீன் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தான். அவன் வாய் கோணியது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"எத்தன ஊட்டி! ஆனா கோத்தகிரின்னு ஒரு எடத்துலகூட இல்ல. கதவைப் பத்தி இல்ல, படியைப் பத்தி இல்ல. எல்சா, இது வேற யாரோ ஊட்டைப் பத்தி எழுதுன மாதிரி இருக்குது."

எல்சா சிரிக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

வகுப்பில் டீச்சர், "யாரிடம் பச்சை மை பேனா இருக்கிறது?" என்று கேட்கிறார். ஒருத்தி மட்டும் பச்சை மை பேனாவைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து "என்னிடம் பென்சில் இருக்கிறது" என்று கத்துகிறாள். அவளை டீச்சர் எப்படிக் கூப்பிடுவார்? இத்தனை நாளும் தங்கள் வீடு செய்துகொண்டிருந்தது அதுதானே! அவளிடம் பென்சிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

எல்சா கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"முபீன், ஒரு ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி நீ என்னென்ன தெரிஞ்சுக்கணும்னு நினைப்பே? ஒண்ணு விடாம சொல்லு."

அவ்வளவுதான், முபீன் பிடித்துக்கொண்டான். கதவு எத்தனை அங்குலம்? கார் எங்கே நிற்கும்? குளியலறைக்குள் நாற்காலி திரும்புமா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? கட்டில் என்ன உயரம்?

"கட்டில் உயரம் எதுக்கு?"

"நாற்காலியில இருந்து நானே கட்டிலுக்கு மாறணுமில்ல? ரொம்ப ஒசரமா இருந்தா அது இன்னொரு மலை."

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப் வந்தது. எல்சா அளந்தாள், முபீன் எழுதினான். வாசற்கதவு நாற்பத்தெட்டு அங்குலம். அறைக் கதவும் அதேதான். கட்டிலை அளக்கும்போது முபீன் தானே ஏறியும் இறங்கியும் காட்டி, "பாஸ்" என்று எழுதினான்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். புறப்படும் முன் முபீன் ஜன்னலருகே கொஞ்ச நேரம் இருந்தான். "எல்சா, உங்க சுவத்துல ஒரு யானை இருக்குது. தும்பிக்கையைத் தூக்கிட்டு நிக்குது பாரு" என்றான். எல்சா பார்த்தாள். ஆமாம், யானை! அப்பாவும் அவளும் இத்தனை நாள் பார்த்தும் அது கண்ணில் பட்டதே இல்லை.

அன்று எல்சா, வீட்டைப் பற்றித் தானும் சில வரிகள் எழுதிச் சேர்த்து, நோட்டை அப்பாவிடம் நீட்டினாள். "வெப்சைட்ல இதைப் போடணும்ப்பா."

அப்பா படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது. "இலை ஷெட்டுன்னு எழுதியிருக்கியே?"

"ஆமாப்பா. அதனாலதானே கதவு பெருசா இருக்குது."

"வியூ இல்லைன்னு வேற எழுதியிருக்கே. எந்தக் கடைக்காரனாச்சும் எங்ககிட்ட சர்க்கரை இல்லைன்னு போர்டு வைப்பானா கண்ணு?"

எல்சா யோசித்தாள். "டீக்கடையில 'சர்க்கரை இல்லாத டீ'ன்னு போர்டு வச்சா, சுகர் இருக்கறவங்க தேடி வருவாங்களேப்பா."

சமையலறையிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வியூ கேட்டு வந்தவங்க யாராச்சும் ரெண்டாவது தடவ வந்தாங்களாப்பா?" என்றாள் எல்சா.

அப்பா நோட்டின் அடுத்த வரிக்குப் போனார். "குளியலறையில ரெண்டு அங்குலத் தடுப்பு இருக்குதுன்னு இருக்கே. இதையாச்சும் விட்டுடலாம்."

"விட்டுட்டா, அதை நம்பி வர்ற அடுத்த முபீன் அங்க வந்து நிப்பானேப்பா."

அப்பா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். கோபமோ என்று எல்சா பயந்தாள். மறுநாள் காலை 'டங் டங்' என்ற சத்தம் கேட்டுத்தான் அவள் விழித்தாள். சுத்தியலும் உளியுமாக அப்பா குளியலறை வாசலில் உட்கார்ந்து தடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்பக்கமே ஓடும்படி தரையைச் சரிவாகப் பூசினார். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதித்தார். தலைமுடியெல்லாம் சிமெண்டு.

"இப்ப எழுதிக்கோ" என்றார். "தடுப்பு இல்ல. கம்பி உண்டு."

லெஸ்லி மாமாதான் லேசில் மசியவில்லை. "ஊட்டியை எடுத்துட்டா எப்படி கண்ணு? படி இல்லாத ஊடுன்னு யாரு தேடப் போறாங்க?" என்று போனில் கத்தினார்.

"தேடினவங்கதான் வந்தாங்களே மாமா."

லெஸ்லி மாமா இரண்டு நிமிடம் எதுவும் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய சாதனை. பிறகு, "சரி, அனுப்பு" என்றார்.

ஊட்டிகள் எல்லாம் ஊட்டிக்கே போய்ச் சேர்ந்தன. பள்ளத்தாக்குப் படம் போய், எல்சா இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கதவுப் படம் வந்தது. முகப்பில் 'கோத்தகிரியில் படியில்லாத வீடு' என்ற தலைப்பு. அதன் கீழே எல்சா எழுதியது அப்படியே இருந்தது:

'இது முன்பு தேயிலை இலை ஷெட். அதனால் சாலையிலிருந்து கட்டில் வரை ஒரு படிகூட இல்லை. கதவுகள் நாற்பத்தெட்டு அங்குலம். கார் வாசலிலேயே நிற்கும். குளியலறையில் தடுப்பு இல்லை, கம்பி உண்டு. ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரியாது. பாசி பிடித்த சுவர்தான் தெரியும். அதில் ஒரு யானை இருக்கிறது. கண்டுபிடியுங்கள்.'

"உடனே மேல வந்துராது" என்றார் லெஸ்லி மாமா. "கூகுள் வந்து படிக்கணும், யோசிக்கணும். வாரக்கணக்காகும்."

எல்சா தினமும் பள்ளிவிட்டு வந்ததும் ராபியா தேடிய அதே வார்த்தைகளைப் போட்டுத் தேடினாள். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. சாம்பல் புதன் வந்தது; ஈஸ்டருக்கு இனி ஆறேழு வாரம்தான். அப்பா சந்தையிலிருந்து ஒரு நீலநிறப் பை வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். திருப்பூர்ப் பை. கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் கண்ணில் பட்டது. எல்சாவுக்கு அதைக் கழற்றி அடுப்பில் போடலாமா என்றிருந்தது.

பிறகு ஒரு நாள், நான்காம் பக்கத்தில் 'கோத்தகிரியில் படியில்லாத வீடு' எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் இரண்டாம் பக்கம். அதற்குள் ஈரோட்டிலிருந்து இரண்டு உதவிகள் வந்திருந்தன. தன் பையனைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் படிக்கும் ஒரு வலைத்தளத்தில் ராபியா இந்த வீட்டைப் பற்றி எழுதி, வெப்சைட் முகவரியையும் சேர்த்திருந்தார். முபீன் தன் பங்குக்கு, ஒரு நட்சத்திரக்காரருக்கு மேலே இப்படி எழுதியிருந்தான்: 'என்னை யாரும் தூக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்சா செல்போனைப் பார்த்துவிட்டு, நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அப்பா! முதல் பக்கம்! முதல் வரி!"

அப்பா வாங்கிப் பார்த்தார். "வியூன்னு தேடினா எங்க இருக்கோம்?"

தேடிப் பார்த்தார்கள். இருபது பக்கம் போயும் காணவே காணோம். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலமே போன் அடித்தது. முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு வாத்தியார், கோயம்புத்தூரிலிருந்து. மறுநாள் சேலத்திலிருந்து ஒருவர், இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர். அவரை அடுத்து, காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால்பந்து வீரர். மலையில் கால் வைக்க ஆசை இருந்தும் படிக்குப் பயந்து இத்தனை பேர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்களா! அம்மாவுக்குச் சமைக்க நேரம் போதவில்லை. லெஸ்லி மாமா போன் செய்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

புனித வெள்ளி வருவதற்குள் மே மாதம் முழுவதற்கும் அறைகள் நிறைந்துவிட்டன. அப்பா அம்புரோஸுக்கு போன் போட்டு, "இல்லப்பா, நான் வரல" என்றார். ஈஸ்டருக்கு முந்தின நாள் அம்மா அந்த நீலப் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், இரண்டு முட்டைக்கோஸும் ஒரு கிலோ கேரட்டும் வாங்கி வந்தார்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலை. எல்சாவும் அப்பாவும் டீ தம்ளர்களோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் யானைக்கு ஒரு வால் முளைத்திருந்தது. அப்போது போன் அடித்தது. எல்சா எடுத்தாள்.

"ஏம்மா, ஜூன் மாசம் வரலாம்னு இருக்கோம்" என்றது ஒரு பெண் குரல். பின்னால் யாரோ கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "அங்க வியூ இருக்குதா?"

அப்பா தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"இல்லீங்க" என்றாள் எல்சா.

"படி?"

"அதுவும் இல்லீங்க."

அந்தப் பக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அப்படீன்னா ஒரு ரூம் எடுத்து வை கண்ணு. நாலு நாளைக்கு வர்றோம்."